எட்டாவது வாய்

“அம்மா, எட்டையும் மாத்திட்டேன். அப்பவும் ஒழுகுது.”

சிதம்பரநாதன் இதைச் சொன்னபோது அவருடைய சட்டைப்பையில் ஒரு புது ரப்பர் வளையம் இருந்தது. அவர் மாற்றியது ஏழுதான்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அறுபது வயதில் புதிதாகக் கற்றுக்கொண்ட வித்தை என்பதால் சரியாக வரவில்லை. சொல்லி முடித்ததும் கை தானாகப் போய்ப் பையை மூடிக்கொண்டது.

தவமணியம்மா முறத்தில் கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எட்டையுமா?”

“எட்டையும்தான்.”

“சரிங்க ஐயா.”

அவ்வளவுதான். கடுக்காய் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. சிதம்பரநாதன் நின்றார், போனார், வாசற்படியில் மறுபடி நின்றார்.

“நான் என்னம்மா செய்யட்டும்?”

“இப்ப என்ன செய்யறீங்க?”

“குறையக் குறைய ஊத்தறேன்.”

“ஊத்தாதீங்க.”

*

ஏற்காட்டு மலைச்சரிவில், காப்பித் தோட்டங்களுக்குக் கீழே, பனி இறங்கினால் பக்கத்து மரம் தெரியாத ஓர் இடத்தில் இருந்தது அந்த வைத்திய மடம். சிலை கிடையாது, பூஜை கிடையாது. நடக்க முடியாதவர்கள் வருவார்கள். சிலர் நடந்து போவார்கள்.

மடத்தின் பெரிய சொத்து ஒரு வெந்நீர்த் தொட்டி. மூடிப்போன சொகுசு விடுதி ஒன்றிலிருந்து வந்தது. பணக்காரர்கள் உட்கார்ந்து பழரசம் குடித்த தொட்டியில் இப்போது இடுப்பொடிந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சுவரைச் சுற்றி எட்டு ஜெட். மோட்டார் ஓடினால் எட்டிலிருந்தும் வெந்நீர் பீறிட்டு முதுகிலும் தொடையிலும் அடிக்கும். தவமணியம்மா அவற்றை ஜெட் என்று சொல்வதில்லை. வாய் என்பார்.

ஒவ்வொரு வாயும் தொட்டிச் சுவரில் ஒரு துளை வழியாகச் செருகப்பட்டிருக்கும். வாயின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம். கேஸ்கெட். அது தேய்ந்தால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் இறங்கும். விஷயம் இவ்வளவுதான். ஒரு மனிதர் ஏழு மாதம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயமே அல்ல.

சிதம்பரநாதன் ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி இறந்த மூன்றாம் மாதம் அவர் இந்த மலைக்கு வந்தார். திருச்சிப் பக்கம் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். மடத்துத் தலைவி என்றால் நரைத்த தலையும் தளர்ந்த கையுமாக இருப்பார் என்று நினைத்து வந்தவருக்கு, கையில் ஸ்பேனரோடு எதிரே வந்த முப்பத்தெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. தவமணியம்மா மடத்துக்கு வருமுன் சேலத்தில் பம்பு பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர்.

“எனக்கு மனசு அடங்கணும்மா. ஒரு வழி சொல்லுங்க,” என்று கேட்டார் அன்று.

தவமணியம்மா தொட்டியறைச் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

முதல் நாள் காலை மோட்டாரைப் போட்டார் சிதம்பரநாதன். தண்ணீர் கொதித்துக் குழம்பி நின்றது. அப்போதுதான் மூலை இருக்கைக்கு மேலே இருந்த எட்டாவது வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

யாரோ கஷ்டப்பட்டு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

அந்த மூச்சை அவருக்குத் தெரியும். முப்பத்தாறு வருடம் பக்கத்துத் தலையணையில் கேட்ட மூச்சு அது.

*

மங்கையர்க்கரசிக்கு ஆஸ்துமா. பேசுவதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். இழுத்து, நிறுத்தி, பிறகு “என்னங்க” என்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டுப் பயப்படுவார்கள். சிதம்பரநாதனுக்குப் பழகிவிட்டது. பழகிப்போனதுதான் வினை.

அன்று ஞாயிற்றுக்கிழமை முற்பகல். எங்கோ பெரிய குழாய் வெடித்துத் தெருவெல்லாம் வெள்ளம். வீட்டுக் கூடத்தில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து மூச்சு இழுக்கும் சத்தம். “என்னங்க.”

“இரு, வரேன்.”

இன்னொரு மூச்சு. “என்னங்க.”

“இரு, வரேன்னு சொல்றேன்ல!”

மூன்றாவது தடவை மூச்சு மட்டும் வந்தது. அதற்கும் “இரு, வரேன்” என்றார்.

குழாய் அடைபட்டது. அவர் உள்ளே போனபோது மங்கையர்க்கரசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்கு இழுக்கிற மருந்து பீரோவின் உச்சியில் இருந்தது. அவள் கைக்கு எட்டாது. முந்தின நாள் ஒட்டடை அடித்தபோது அதை அங்கே தூக்கி வைத்தவர் அவரேதான்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தவமணியம்மாவிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, மூலையோரம் குந்தி உட்கார்ந்து, எட்டாவது வாய் மூச்சை இழுத்து நிறுத்தும்போது மெதுவாகச் சொல்வார்:

“வந்துட்டேன் மங்கை.”

தொட்டி ஒழுக ஆரம்பித்ததும் தவமணியம்மா எட்டுப் புது வளையம் வரவழைத்துக் கொடுத்தார். சிதம்பரநாதன் ஏழு வாயைக் கழற்றி ஏழை மாற்றினார். எட்டாவதில் கை வைத்தார். உள்ளே தேய்ந்த ரப்பரின் இடுக்கில் காற்று புகுந்து வருவதால்தான் அந்தச் சத்தம் என்று அவருடைய அனுபவம் சொன்னது. மாற்றினால் நின்றுவிடும்.

எட்டாவது வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பதிலாக ஊற்ற ஆரம்பித்தார்.

அது அவர் தொழிலில் ஊறிய வழக்கம். ஊருக்குத் தண்ணீர் குறைந்தால் தெருவைத் தோண்டி ஓட்டையைத் தேடுவது அவருடைய அலுவலகத்தில் கடைசிப் பேச்சு. வால்வை இன்னும் இரண்டு சுற்றுத் திறந்துவிடுவார்கள். போகிறது போகட்டும், வருவது வரட்டும். முப்பத்து நான்கு வருடம் அப்படித்தான் ஊர் தண்ணீர் குடித்தது.

*

இதில் மாட்டிக்கொண்டவள் பவளக்கொடி.

மிளகு பறிக்கிற பெண். சவுக்கு மரத்தில் சாத்திய ஏணி சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் மடத்துக்கு வந்தவள். வயது இருபத்தேழு. தினமும் காலை ஏழு மணிக்கு அரைமணி நேரம் வெந்நீர். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அது மடத்து விதி.

ஒரு தடவை விட்டுவிட்டது. இருபத்திரண்டாம் நாள் தண்ணீர் மட்டம் இறங்கி ஹீட்டர் தானாக அணைந்து, தொட்டி சில்லென்று கிடந்தது. அன்று அந்தப் பெண் அழுத அழுகையைச் சிதம்பரநாதன் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து இன்னும் அதிகமாக ஊற்றினார். வேறு எதையும் மாற்றவில்லை.

இப்போது அவளுக்கு இரண்டாம் சுற்றில் முப்பத்தொன்பதாம் நாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இரண்டு எண்ணும்வரை நிற்கிறாள்.

தொட்டிக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள். “ஐயா, தண்ணி ஆறுது!”

“இரும்மா, வரேன்,” என்பார் சிதம்பரநாதன், விறகு அடுக்கிக்கொண்டே.

ஒரு நாள் கேட்டாள்.

“ஐயா, இந்த மூலையில முன்னாடி யாரு உட்காருவாங்க?”

“ஏம்மா?”

“யாரோ பக்கத்துல மூச்சு விடறாங்க. முடியாதவங்க மாதிரி. நான் திரும்பினா நிறுத்திக்கறாங்க.”

தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று சிதம்பரநாதன் நினைத்திருந்தார்.

“குழாயில காத்தும்மா,” என்றார்.

பவளக்கொடி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “காத்து நம்ம பேச்சைக் கேட்குமாங்க?”

*

“ஊத்தாம விட்டா தண்ணி இறங்கிடும்மா. நாளைக்கு ஏழு மணிக்குப் பவளக்கொடி வந்து உட்காரணும். நாப்பதாம் நாள். மறுபடி விட்டுப்போச்சுன்னா அந்தப் பொண்ணு தாங்காது.”

“இப்ப மணி எட்டுங்க. ராத்திரி பூரா சூடு ஏற நேரம் வேணும். அப்ப நமக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்கு.” தவமணியம்மா முறத்தைக் கீழே வைத்தார். “போய் மோட்டாரை நிறுத்துங்க. தொட்டி பக்கத்துல உட்காருங்க. பென்சிலால கோடு போடுங்க.”

“எதுக்கும்மா கோடு?”

“எங்க நிக்குதுன்னு பார்க்க.”

“எங்கயும் நிக்காதும்மா. ஒழுகற தண்ணி எங்க நிக்கும்?”

தவமணியம்மா முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க ஒரு நாளும் விட்டுப் பார்த்ததில்லீங்களா?”

சிதம்பரநாதன் பென்சிலைத் தேடிப் போனார்.

*

தொட்டியறையில் ஒரே ஒரு ஜன்னல். பனி வந்து கண்ணாடியை வெள்ளையாக அடைத்துவிட்டது. முற்பகல் பத்து மணியா, விடியற்காலையா என்று தெரியாத வெளிச்சம்.

மோட்டார் நின்றதும் அறை அமைதியானது. மணிக்கு இரண்டு விரற்கடை இறங்கியது தண்ணீர். கோடு போட்டார். இன்னொரு கோடு. மேல் வரிசையில் இருந்த மூன்று வாய்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு வெளியே வந்து சொட்டி அடங்கின.

பதினோரு மணிக்கு அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது.

மோட்டார் ஓடவில்லை. ஆனாலும் மூச்சு கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் அது தன்னுடைய மூச்சு என்று நினைத்தார். அடக்கிப் பார்த்தார். அடக்கிக்கொண்டிருக்கும்போதே மூலையில் ஓர் இழுப்பு வந்தது. இழுத்தது, நின்றது.

“மங்கை?”

தண்ணீர் அசையவில்லை.

“மங்கை, நான் இங்கதான் இருக்கேன்.”

மறுபடி இழுப்பு. தண்ணீர் இறங்க இறங்க அது பெரிதாகிக்கொண்டு வந்தது. வழக்கமாக ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். இப்போது அது குறைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் கத்திக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்தது இதுதான் என்று அவருக்குப் புரிந்தது. அன்று கேட்காததை இன்று முழுக்கக் கேட்டார். எழுந்து ஓடலாமா என்று இருந்தது. காதைப் பொத்தலாமா என்று இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணீர் தாடி வழியாக இறங்கிச் சட்டையில் விழுந்தது.

பிற்பகல் இரண்டரை மணிக்குச் சத்தம் நின்றது.

கோடு போடக் குனிந்தார். முந்தின கோட்டிலேயே இருந்தது தண்ணீர். அரைமணி நேரம் காத்திருந்தார். நூலளவும் இறங்கவில்லை.

தண்ணீர் எட்டாவது வாயின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டிருந்தது.

*

“நின்னுடுச்சாங்க?” தவமணியம்மா கதவருகே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“நின்னுடுச்சு.”

“எங்க?”

சிதம்பரநாதன் கையைக் காட்டினார்.

தவமணியம்மா சுவர்ப் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு ஒரு வாளித் தண்ணீரைச் சத்தமில்லாமல் தொட்டியில் விட்டார். மட்டம் எட்டாவது வாயின் பாதிவரை ஏறியது.

“ஏதாவது சாயம் கொண்டாங்க. மஞ்சள் இருந்தாலும் சரி, காப்பி டிகாக்‌ஷன் இருந்தாலும் சரி. எந்தப் பக்கம் குடிக்குதுன்னு பார்ப்போம்.”

சமையலறைக்குத்தான் கிளம்பினார் சிதம்பரநாதன். கால் அவரை அவருடைய அறைக்குக் கொண்டுபோனது. பெட்டியின் அடியில் துணிக்குள் சுற்றி ஒரு பித்தளைச் சிமிழ். திறந்தார். மங்கையர்க்கரசியின் விரல் பதிந்த குழி குங்குமத்தில் அப்படியே இருந்தது.

அதை அவர் இதுவரை கலைத்ததில்லை.

திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்ததைத் தவமணியம்மா பார்த்தார். மருந்து புகட்டுகிற பாலாடையில் தண்ணீர் விட்டு நீட்டினார். சிதம்பரநாதன் ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்தார். பாலாடையின் மூக்கை எட்டாவது வாய்க்கு ஒரு சாண் தள்ளி, தண்ணீரை ஒட்டிப் பிடித்துச் சாய்த்தார்.

சிவப்பு ஒரு கணம் அப்படியே நின்றது.

பிறகு ஒரு மெல்லிய இழை அதிலிருந்து பிரிந்தது. அசைவே இல்லாத தண்ணீரில் அது தானாக நகர்ந்தது. வளைந்தது, தயங்கியது, விளிம்பைத் தேடிப் பிடித்தது. எட்டாவது வாய் அதைக் குடித்தது. ஒரு துளி மிச்சமில்லாமல் குடித்தது.

சிதம்பரநாதன் பின்னுக்கு நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டார்.

“பின்னாடி போய்ப் பாருங்க,” என்றார் தவமணியம்மா.

தொட்டிக்குப் பின்னால் ஒரு சிறிய மரக்கதவு. உள்ளே தவழ்ந்துதான் போக வேண்டும். ஏழு மாதத்தில் மற்ற ஏழு வாய்களுக்காகப் பலமுறை தவழ்ந்திருக்கிறார். இந்த மூலைப் பக்கம் மட்டும் டார்ச்சைத் திருப்பியதில்லை.

இப்போது திருப்பினார்.

குங்குமத் தண்ணீர் சுவரின் பின்புறம் கசிந்து, குழாயின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அதன் வழியிலேயே டார்ச்சும் போனது. சிவப்புக் கோடு வளைந்து, இறங்கி, ஹீட்டருக்குப் போகிற மின்கம்பி இணைப்புப் பெட்டியை நோக்கித் திரும்பியது. பெட்டியின் மூடி ஈரத்தில் துருப்பிடித்துப் பாதி தின்னப்பட்டிருந்தது. உள்ளே செப்புக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது.

சிவப்புக் கோடு கம்பிக்கு இரண்டு விரல் இப்பால் வந்து நின்று, ஒரு சொட்டாகத் திரண்டு, தரையில் விழுந்தது.

இரண்டு விரல். இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ. தொட்டி நிறையத் தண்ணீர், அதில் கால் மரத்துப்போன ஒரு பெண். தானாகத் தொட்டியை விட்டு வெளியே வரக்கூட அவளால் முடியாது. “ஐயா” என்று கூப்பிட்டிருப்பாள்.

அதற்கு என்ன பதில் சொல்லியிருப்போம் என்று சிதம்பரநாதனுக்குத் தெரிந்தது. சொல் மாறாமல் தெரிந்தது.

அங்கேயே, அந்த ஈரத்தில், தரையில் முகம் வைத்துப் படுத்துவிட்டார்.

*

வெளியே வந்தபோது உடம்பெல்லாம் நனைந்திருந்தது. வெள்ளைச் சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. பையில் இருந்த கருப்பு வளையம் பொட்டு வைத்ததுபோலப் பளிச்சென்று தெரிந்தது.

தவமணியம்மா அதைப் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

“எட்டையும் மாத்திட்டீங்க, இல்லீங்களா?”

சிதம்பரநாதன் தரையில் உட்கார்ந்தார். மங்கையர்க்கரசி பற்றியும் போன் பற்றியும் பீரோ பற்றியும் சொன்னார். இரண்டு “என்னங்க”வையும் மூன்று “இரு, வரேன்”னையும் சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆகவில்லை. ஒன்பது மாதம் நெஞ்சில் கிடந்தது, வெளியே வந்தபோது பத்து வாக்கியம்தான் இருந்தது.

“இது அவதாம்மா. என்னைப் பைத்தியம்னு நினைச்சாலும் சரி.”

“நினைக்கலீங்க. எனக்கும் கேட்கும்.”

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“தொட்டி வந்த நாள்ல இருந்தாம்மா?”

“இல்லீங்க. நீங்க வந்த நாள்ல இருந்து.”

ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் கலையவில்லை.

“இதை மாத்தினா அவ போயிடுவாம்மா.”

“கூப்பிடறாங்களா?”

“கூப்பிடறா.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“வந்துட்டேன்னு சொல்றேன்.”

“எங்க வந்தீங்க?”

சிதம்பரநாதன் எட்டாவது வாயைப் பார்த்தார்.

தவமணியம்மா ஸ்பேனரை அவருக்குப் பக்கத்தில் வைத்தார். மரக்கதவுக்குள் தவழ்ந்து போனார். பின்பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

“நான் இந்தப் பக்கம் நட்டைப் பிடிச்சுக்கறேன். நீங்க அந்தப் பக்கம் திருகுங்க.”

*

மிச்சத் தண்ணீரை இறக்கினார்கள். எட்டாவது வாயைப் பிடித்துத் திருகினார் சிதம்பரநாதன். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு முனகலோடு நெகிழ்ந்தது. விளிம்பு பிரிந்து வந்தது.

தேய்ந்த வளையம் சுவரோடு ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தார். ஒரு பக்கம் தட்டையாகிக் கல்லாக இறுகியிருந்தது. மறுபக்கம் பல்லால் கடித்ததுபோல அரிபட்டிருந்தது. அதைக் காதருகே கொண்டுபோனார். ஒன்றும் கேட்கவில்லை.

சுவரைத் துணியால் துடைத்தார். ஒட்டிக்கொண்டிருந்த பிசிறுகளைச் சுரண்டி எடுத்தார். பையிலிருந்து புது வளையத்தை எடுத்து, கிரீஸ் தடவி, பள்ளத்தில் படியவைத்தார். வாயைத் திருப்பிச் செருகினார். கையால் திருகும்வரை திருகி, ஸ்பேனரால் இன்னும் இறுக்கப் போனார்.

“போதுங்க,” என்றது பின்பக்கத்துக் குரல். “கால் சுற்று. அதுக்கு மேல இறுக்கினா பிதுங்கிடும்.”

“மறுபடி ஒழுகினா?”

“இறுக்கிப் பிடிச்சதுதாங்க முதல்ல ஒழுகும்.”

கால் சுற்றோடு நிறுத்தினார். பழைய வளையம் அவருடைய பைக்குள் போயிற்று. வெளியே வந்த தவமணியம்மா அதைக் கவனித்தார்.

“அந்தப் பையில எதையாவது வச்சுக்காம உங்களால இருக்க முடியாதுங்களா?”

சிதம்பரநாதனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வளையத்தை எடுத்து, மற்ற ஏழு பழையதும் கிடந்த தகர டப்பாவில் போட்டார்.

கம்பிப் பெட்டியை மாற்றி, ஊற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஃபியூஸைப் போட்டபோது சாயங்காலம் ஐந்து மணி. தண்ணீர் நிறைந்தது. மோட்டாரைப் போட்டார்கள்.

எட்டு வாயும் பீறிட்டன. எட்டும் ஒரே சத்தம். வெறும் தண்ணீர்ச் சத்தம்.

சிதம்பரநாதன் மூலையருகே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் காது கொடுத்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

*

மறுநாள் காலை, நாற்பதாம் நாள், தொட்டியில் ஆவி பறந்தது. மட்டம் நூலளவும் இறங்கவில்லை. தவமணியம்மா பவளக்கொடியைத் தண்ணீரில் இறக்கி உட்காரவைத்துவிட்டு, வேறொருவருக்குக் கட்டுப் போடப் போனார்.

சிதம்பரநாதன் வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கை வேலை செய்தது, மனம் எங்கோ கிடந்தது. வாழ்க்கையில் இரண்டாவது தடவை அவளைப் பறிகொடுத்தாயிற்று, இந்தத் தடவை தன் கையாலேயே திருகி அடைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா!”

உள்ளேயிருந்து பவளக்கொடி.

“இரும்–”

சொல் பாதியில் நின்றது. கையில் இருந்த விறகு எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. வழியில் இருந்த வாளியை உதைத்துத் தள்ளி, வழுக்கி, முட்டி பெயர, ஓடிப்போய்க் கதவைத் தள்ளித் திறந்தார்.

பவளக்கொடி நின்றுகொண்டிருந்தாள். கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் காற்றில் தடவ, முழங்கால் நடுங்க, எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். உட்காரத் தெரியாமல்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

சட்டையோடும் வேட்டியோடும் தொட்டிக்குள் இறங்கி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார் சிதம்பரநாதன். மூச்சு வாங்கியது.

“பிடிச்சுட்டேன்மா. பயப்படாத. உட்காரு, மெதுவா.”

பவளக்கொடி உட்கார்ந்தாள். அவள் பார்வை அவர் மேல் இல்லை. மூலையில், எட்டாவது வாய்க்குப் பக்கத்தில் இருந்த காலி இருக்கையில் இருந்தது.

“ஐயா, அந்தம்மா இன்னிக்கு மூச்சே விடலைங்க. போயிட்டாங்கன்னுதான் நினைச்சேன்.”

“ம்.”

“நீங்க கதவைத் திறந்தீங்க பாருங்க, அப்ப ஒரே ஒரு தடவை நல்லா மூச்சு விட்டாங்க. விட்டுட்டு என்னமோ சொன்னாங்க.”

“என்ன சொன்னா?”

பவளக்கொடி மூலையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“‘வந்துட்டாரு’ன்னு.”